நிஹோன் போரோயாதோ கிகோ: பழைய விடுதிகளும் விருந்தினரின் கண்ணும்

'நிஹோன் போரோயாதோ கிகோ' 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் டிவி டோக்கியோ அலைவரிசையில் பின்னிரவு நேரத்தில் ஒளிபரப்பான பயணத் தொடர். தலைப்பை 'ஜப்பானின் கந்தல் விடுதிகள்: பயணக் குறிப்புகள்' என்று தமிழில் சொல்லலாம். பழைய விடுதிகளைத் தேடிச் சென்று தங்கிய ஒருவரின் பயண நூலைத் தழுவிய தொடர் இது. கதை கற்பனை, விடுதிகள் உண்மையானவை. இந்தக் கலவைதான் தொடரின் கவர்ச்சி. அதன் மீதான கேள்விகளும் இங்கிருந்தே பிறக்கின்றன.

கதை

சிறிய கலைஞர் மேலாண்மை நிறுவனம் ஒன்றை நடத்திவந்த தந்தை இறந்துவிட, மகள் ஹருகோ அதன் பொறுப்பை ஏற்கிறார். நிறுவனத்தில் மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு பாடகர், ரியூஜி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு பாட்டால் புகழ்பெற்று, பிறகு மறக்கப்பட்டவர். விற்காமல் தேங்கிய குறுந்தகடுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு இருவரும் ஊர் ஊராகப் போகிறார்கள். ஹருகோவுக்குப் பழைய விடுதி என்றால் உயிர். ரியூஜிக்கு அவற்றைக் கண்டாலே முகம் சுருங்கும். பாட்டு விற்பனை, விடுதி, குளியல், உணவு, உறக்கம், மறுநாள் புறப்பாடு என்று ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரே தடத்தில் நகர்கிறது.

ஹருகோவாக மாய் ஃபுகாகவா நடித்தார். இவர் நோகிசாகா46 பாடகியர் குழுவிலிருந்து 2016-இல் விலகி நடிப்புக்கு வந்தவர். ரியூஜியாக நடித்த கசுயா தகஹாஷி, 1988-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ஒதோகோகுமி என்ற இளைஞர் குழுவில் இருந்தவர். இளம்பெண்கள் கூடி ஆரவாரித்த மேடைகளை அறிந்த ஒருவர், பத்துப் பேர்கூட நின்று கேட்காத பாடகராக நடிக்கிறார். தொடர் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை; ஜப்பானியப் பார்வையாளருக்குச் சுட்டவேண்டிய தேவையும் இல்லை.

'போரோ' என்ற சொல்

'போரோ' என்றால் கந்தல், நைந்தது, இற்றுப்போனது. வரலாற்று மதிப்புள்ள பழைய விடுதி முதல் வியக்கவைக்கும் அளவுக்கு மலிவான விடுதி வரை எல்லாவற்றையும் அன்போடு குறிக்கும் சொல்லாகவே இதைப் பயன்படுத்துவதாகத் தொடர் விளக்குகிறது. இப்படி விளக்கவேண்டியிருப்பதே அந்தச் சொல்லில் முள் இருப்பதைக் காட்டுகிறது.

இதே சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஜப்பானின் வடகிழக்கில், குறிப்பாக அஒமோரி பகுதியில், ஏழை உழவர்கள் கிழிந்த துணிமேல் துணி வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தைத்து உடுத்திய ஒட்டுத்துணிக்கும் 'போரோ' என்றே பெயர். குளிருக்கும் வறுமைக்கும் எதிராகத் தைக்கப்பட்ட அந்தத் துணி அன்று வெட்கத்துக்குரியதாக இருந்தது. இன்று அது அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். துணி மாறவில்லை, பார்ப்பவர் மாறிவிட்டார். அதை அழகு என்றவர்கள் அதை உடுத்தியவர்கள் அல்லர். தொடரைப் பற்றிய விவாதத்தின் மையமும் இதுதான்: ஒரு விடுதியைக் 'கந்தல்' என்று அன்போடு அழைக்கும் உரிமை யாருக்கு?

விடுதிகள் ஏன் நைந்தன

பழைய விடுதி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் இருந்தன. எதோ காலத்தின் 'கிச்சின்யாதோ'வில் பயணிகள் தாங்களே சமைத்துக்கொண்டு விறகுக்கு மட்டும் காசு கொடுத்தார்கள். வெந்நீர் ஊற்று ஊர்களின் 'தோஜி' விடுதிகளில் உழவர்கள் அறுவடை ஓய்வில் வாரக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். 'ஷோனின்யாதோ' ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வணிகர்களுக்கானது. ரயில் வந்தபின் நிலைய வாசலிலேயே விடுதிகள் முளைத்தன.

இவற்றின் வீழ்ச்சி நேற்று தொடங்கியதல்ல. மசுஜி இபுசே 1950-களில் எழுதிய 'எகிமாயே ரியோகான்' நாவலும், அதைத் தழுவி 1958-இல் ஷிரோ தொயோதா இயக்கிய படமும் நிலையத்தடி விடுதியின் பழைய தொழில்முறை மறைவதை அப்போதே நகைச்சுவையோடு பேசின. 1964-இல் ஷின்கான்சென் ஓடத் தொடங்கியதும் டோக்கியோவிலிருந்து ஒசாகா போன வணிகர் அன்றே வீடு திரும்ப முடிந்தது. நகரங்களில் தனிக்குளியலறையும் கதவுப் பூட்டும் கொண்ட சிக்கன ஓட்டல்கள் பெருகின. குழுச் சுற்றுலா வளர்ந்த காலத்தில் வெந்நீர் ஊற்று ஊர்கள் கான்கிரீட் பெருவிடுதிகளைக் கட்டின. இந்த இரண்டுக்கும் நடுவில் சிறிய மரவிடுதி நசுங்கியது. 1980 வாக்கில் ஜப்பானில் சுமார் 83,000 ரியோகான்கள் இருந்தன. தொடர் ஒளிபரப்பான காலத்தில் அந்த எண்ணிக்கை 40,000-க்கும் கீழே போயிருந்தது.

நைந்த பாய், கிரீச்சிடும் மாடிப்படி, நடைவழியின் கோடியில் பொதுக் கழிப்பறை, அடுத்த அறையின் இருமலைத் தடுக்காத காகிதக் கதவு ஆகியவை திரையில் அழகாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரும் விரும்பித் தேர்ந்த அழகு அல்ல. பழுதுபார்க்கப் பணமும், பொறுப்பேற்க வாரிசும் இல்லாததன் அடையாளங்கள்.

பார்வையாளர் கருத்துகளின் இரு முனைகள்

இவ்வகைத் தொடர்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு சாரார், ஒன்றுமே நடக்கவில்லை, ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது, இது விடுதிகளுக்கான விளம்பரம் என்பார்கள். மறுசாரார், வேலை முடிந்து வந்த இரவில் மனத்தை அமைதிப்படுத்துகிறது, உடனே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படத் தோன்றுகிறது என்பார்கள்.

முதல் குறையில் பாதிதான் உண்மை. ஒரே தடத்தில் நகர்வது இந்த வகைத் தொடருக்குக் குறையல்ல, இலக்கணம். அதே அலைவரிசையில் 2012 முதல் வந்த 'கொதோகு நோ குருமே'யில் ஒரு விற்பனையாளர் ஊருக்குப் போகிறார், பசிக்கிறது, உண்மையான ஓர் உணவகத்தில் தனியாகச் சாப்பிடுகிறார், கதை அவ்வளவுதான். மாறாத சட்டகம் இருப்பதால்தான் பார்ப்பவரின் கண் உணவின் மீது தங்குகிறது. இங்கே விடுதியின் மீது தங்குகிறது.

இரண்டாம் பாராட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மன அமைதி கிடைப்பது ஓரிரவு தங்கிப் போகிறவருக்கு. மறுநாள் காலையில் படுக்கையை மடிப்பவர், குளியல் தொட்டியைத் தேய்ப்பவர், அடுத்த விருந்தினர் எப்போது வருவார் என்று தெரியாமல் இருப்பவர் அந்தப் பாராட்டில் இல்லை. குறை சொல்பவரும் பாராட்டுபவரும் விருந்தினரின் இருக்கையில் இருந்துகொண்டே பேசுகிறார்கள்.

ரியூஜியின் முகச்சுளிப்பு

தொடரின் உண்மையான பலம் ரியூஜி என்ற பாத்திரம். ஹருகோ மட்டும் இருந்திருந்தால் இது பழமையை வியக்கும் சுற்றுலா நிகழ்ச்சியாகச் சுருங்கியிருக்கும். ரியூஜி விடுதியைப் பார்த்ததும் முனகுகிறார். அழுக்கு, குளிர், பழசு என்கிறார். பார்வையாளர் மனத்தில் எழும் மறுப்பைத் தொடரே தன் வாயால் சொல்லிவிடுகிறது.

அந்த மறுப்புக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ரியூஜியே ஒரு பழைய விடுதிதான். ஒருகாலத்தில் கூட்டம் நிறைந்திருந்தது, இப்போது கேட்பாரில்லை, ஆனாலும் கதவை மூடவில்லை. தன்னை ஒத்த ஒன்றை யாராவது 'கந்தல்தான், ஆனால் அழகு' என்று சொன்னால் அது அவருக்கு ஆறுதலா, அவமதிப்பா? தொடர் இதைச் சொற்பொழிவாக்காமல் அவருடைய முகச்சுளிப்பிலும், பிறகு மெல்லத் தளரும் தோள்களிலும் விட்டுவைக்கிறது. அன்பாகச் சொல்லப்படும் 'போரோ'வைப் பெற்றுக்கொள்பவருக்கு எப்படி இருக்கும் என்பதைப் பார்வையாளர் உணர்வது இந்த இடங்களில்தான்.

பென்-சானும் காணாமற்போன விடுதிக்காரரும்

ஆயினும் விடுதிக்காரரின் பக்கம் தொடர் முழுமையாகப் போவதில்லை. இந்தக் குறையை அளக்க ஒரு பழைய படைப்பு உதவும். மங்கா கலைஞர் யோஷிஹாரு சுகே 1968-இல் வரைந்த 'ஹோன்யாராதோ நோ பென்-சான்' பனிநாட்டில் ஆளே வராத ஒரு விடுதிக்குப் போகும் பயணியின் கதை. ஆனால் கதையின் நாயகர் பயணி அல்லர், விடுதிக்காரர் பென்-சான். சோம்பலாகத் தெரியும் அவர் விருந்தினரோடு இரவில் பனியில் நடந்து போய் ஒரு வீட்டுக் குளத்தில் மீன் திருடுகிறார். அது அவரைப் பிரிந்து வாழும் மனைவியின் பிறந்த வீடு என்பது பிறகு தெரியவருகிறது. விடுதி ஏன் பாழாகிக் கிடக்கிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. இக்கதையையும் சுகேயின் இன்னொரு கதையையும் தழுவி ஷோ மியாகே இயக்கிய படம் 2025-இல் லோகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்றது.

சுகேயிடம் விருந்தினர் வழியாக விடுதிக்காரரைப் பார்க்கிறோம். இந்தத் தொடரில் விடுதியின் வழியாக விருந்தினர்களையே பார்க்கிறோம். ஹருகோ தந்தையின் இழப்பைச் செரித்துக்கொள்கிறார், ரியூஜி தன் பாட்டை மீண்டும் நம்பத் தொடங்குகிறார். விடுதி அவர்களுக்குத் துணைநின்றுவிட்டுப் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை யார் என்ற கேள்வி எழுந்தாலும் மஞ்சள் விளக்கொளியில் கரைந்துவிடுகிறது.

மதிப்பீடு

இந்தக் குறையோடும் தொடருக்கு நிலைத்த மதிப்பு உண்டு. யமனாஷியில் 705-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கெய்உன்கான் போன்ற விடுதிகளை உலகச் சாதனைப் பட்டியல்கள் நினைவில் வைத்திருக்கும். பெயர்பெறாத வணிகர் விடுதியின் கைகழுவும் தொட்டியையும், காசு போட்டால் ஓடும் தொலைக்காட்சியையும் யாரும் பதிவு செய்யமாட்டார்கள். மூடப்பட்டதும் அவை குப்பைக்குப் போகும். அவற்றை அரங்கு அமைக்காமல், இருந்த இடத்திலேயே படம் பிடித்ததால் இப்பொழுதுபோக்குத் தொடர் ஓர் ஆவணமாகவும் ஆகியிருக்கிறது.

பழைய விடுதியை நேசிப்பது எளிது. அதற்கு ஓரிரவு போதும். அதைத் திறந்து வைத்திருப்பதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். 'நிஹோன் போரோயாதோ கிகோ' முதலாவதை நன்றாகச் சொல்கிறது, இரண்டாவதன் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறது. பார்ப்பவர் அந்த வாசலில் இன்னும் சிறிது நேரம் நின்று, படுக்கையை மடித்துவைக்கும் கைகளைக் கவனித்தால், 'கந்தல்' என்ற சொல்லில் உள்ள அன்பு முழுமையடையும்.