பிள்ளை வளர்ப்பும் வர்க்க வேறுபாடும்

பெற்றோர் எவராயினும் தம் மக்கள் நலம் பெறவே விழைவர். விழைவு ஒன்றாயினும் வளர்க்கும் முறை ஒன்றன்று. அம்முறையை வகுப்பது பெற்றோரின் குணமா, அவர் வாழும் வர்க்கமா? இவ்வினாவை ஆராய்வது, அமெரிக்கச் சமூகவியலறிஞர் அனெற் லரோ 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சமமற்ற பிள்ளைப் பருவங்கள்' என்னும் ஆங்கில நூல்.

ஏறக்குறைய ஒன்பது, பத்து வயதினரான 88 பிள்ளைகளின் குடும்பங்களை ஆய்வுக்கு எடுத்த ஆசிரியர், அவற்றுள் 12 குடும்பங்களின் அன்றாட வாழ்வை இல்லந்தோறும் பன்முறை சென்று நோக்கினார். நடுத்தர வர்க்கத்தார் பிள்ளையைத் திட்டமிட்டுப் பண்படுத்துகின்றனர். இசை, விளையாட்டு முதலிய பயிற்சிகளால் நாள் நிரம்புகின்றது. எதற்கும் காரணங்காட்டி உரையாடுகின்றனர். தொழிலாளரும் வறியோரும் உணவும் காப்பும் நல்லொழுக்கமும் அளித்து, பிள்ளையை இயல்பாக வளரவிடுகின்றனர். அங்கே கட்டளை சுருங்கியது. ஓய்வு நேரம் பிள்ளைக்கே உரியது.

மருத்துவரிடம் செல்லும் வழியில், அவரைக் கேட்கவேண்டிய வினாக்களை எண்ணிவைக்குமாறு மகனிடம் கூறும் தாயொருத்தியை நூலிற் காண்கிறோம். சிறுவனும் தயங்காது வினவுகின்றான். வறிய வீட்டுத் தாயொருத்தியோ மருத்துவர் முன் சொல்லடங்கி நிற்கின்றாள். முதற் சிறுவன் கற்பது உரிமையுணர்வு. இத்தாயின் மகன் கற்பது ஒடுக்கம்.

ஒரு முறையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தாமை இந்நூலின் சிறப்பு. வறியோர் மக்களிடம் சுற்றத்தாரோடு நெருக்கமும், தாமே விளையாட்டை ஆக்கிக்கொள்ளும் திறனும் உண்டு. நடுத்தர வீடுகளிற் களைப்பும் உடன்பிறந்தார் பூசலும் மிகுதி. ஆயின், பள்ளியும் அலுவலகமும் முதல் முறையையே மதிக்கின்றன. அப்பிள்ளைகள் இளைஞரானபின் ஆசிரியர் அவர்களை மீண்டும் கண்டு, 2011ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த பகுதிகளும் வர்க்க இடைவெளி நீங்காமையையே காட்டுகின்றன.

குறையும் உண்டு. நிலையான ஊதியம் பெறும் தொழிலாளரையும் நாளைய உணவுக்கு ஏங்கும் வறியோரையும் ஒரே முறையுள் அடக்கியது பொருந்துமோ என்பது ஐயமே. 'இயல்பான வளர்ச்சி' என்ற தொடரும் மயக்கந் தருவது. அதனை 'நிறைவேற்றல்' எனச் சேர்த்தே நூலாசிரியர் பெயரிட்டார். எடுத்தாளும்போது அச்சொல் எளிதில் நழுவிவிடுகின்றது. பேருந்துக்குக் காத்தும், உதவி வேண்டி அலுவலகங்களில் நின்றும் பிள்ளையைக் காக்கும் தாயின் உழைப்பு, தானே நிகழும் வளர்ச்சியன்று.

அமெரிக்க வாழ்வை ஆராயும் நூலாயினும், கற்பிப்போர் எவர்க்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வினாவெழுப்பும் மாணவனை அறிவுடையோன் என்றும், வாய்திறவாதவனை மந்தன் என்றும் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளுங்கால் நாம் அளப்பது பிள்ளையின் அறிவையா, அவன் பிறந்த வீட்டின் வழக்கத்தையா?