உறுமி இருந்த இடத்தில் டிரில் மெஷின்

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் குறுக்கிடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் வீடு. லாரிச் சத்தம் ஓயாது. ஆடி மாதத்தில் அம்மன் புறப்பாட்டுக்கு உறுமி வரும்போது மட்டும் அது காதில் ஏறாது. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கத் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் முனகல்; மறுபக்கம் நேர்க்குச்சியின் அடி. பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 2007இல் வெளிவந்த ‘கலா’ தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து பதிவு செய்துகொண்டு போனது இந்த முனகலைத்தான். அதிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டை முதலில் கேட்டபோது, லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1986இல் அகதியாகத் திரும்பிப் போன ஒரு பெண் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது போல இருந்தது.

2010 ஜூலையில் வந்த அவருடைய அடுத்த தொகுப்பு ‘மாயா’ வேறு மாதிரி. ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டில் டிரில் மெஷினும் மரம் அறுக்கும் ரம்பமுமே தாளம். முள்ளிவாய்க்காலில் ஈழப்போர் முடிந்து ஒரு வருடமே ஆகியிருந்தது. அந்த வேளையில் ஒரு ஈழத்துப் பெண் இனிமையாகப் பாடாததை நான் குறையாகவே கருதவில்லை. ஒப்பாரிக்கும் வாய் வராத இடத்தில் இரும்பை இரும்போடு உரசுவது நியாயமான குரல்தான்.

ஆனால் அந்த இரும்புக்கு மூச்சு இல்லை. உறுமிக்காரர் மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். முனகல் இறங்கும், மறுபடி ஏறும். மெஷினுக்கு ஒரே மட்டம். ரேடியோஹெட் குழுவினர் 2000இல் ‘கிட் ஏ’ தொகுப்பில் கிட்டாரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மின்னொலிக்குப் போனபோது, ஒலிக்கு நடுவே வெற்றிடம் விட்டார்கள். பயம் அந்த வெற்றிடத்தில்தான் குடியிருந்தது. ‘மாயா’வில் பல பாட்டுகள் எல்லா இடத்தையும் அடைத்துவிடுகின்றன. ‘டெக்கில்லா’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியும் மனதில் ஒன்றும் தங்குவதில்லை.

‘பார்ன் ஃப்ரீ’யில் இன்னொரு சிக்கல். ‘சூசைட்’ இரட்டையரின் 1977ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்த ஓட்டத்தின் மேல் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கிறது, சொற்கள் கரைந்துபோகின்றன. ரோமேன் காவ்ராஸ் எடுத்த காணொளியில், செம்பட்டை முடி இளைஞர்களைப் படையினர் வளைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்கிறார்கள். 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பிய, இலங்கைப் படையினர் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சியைப் பார்த்த தமிழருக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள்: கோபம் இருக்கிறது, யாருக்காக என்பது இல்லை. பாட்டு செய்ய வேண்டியதைப் படம் செய்திருக்கிறது.

இணையமும் அரசும் கைகோத்திருப்பதாகச் சொல்லும் முதல் பாட்டு ‘தி மெசேஜ்’ அன்று பலருக்கு மிகைச் சந்தேகமாகப் பட்டது. 2013இல் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வந்த பிறகு எம்.ஐ.ஏ.வின் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டினார்கள். கணிப்பு பலித்ததாலேயே பாட்டு நல்லதாகிவிடாது. ஒரு நிமிடம்கூட நிற்காமல் அறிவிப்புப் போல முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் ‘லவ்அலாட்’ இருக்கிறது. தலைப்புச் சொல்லின் கடைசி ‘ட்’டை லண்டன் தெருப்பேச்சில் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுகிறார். ‘நிறைய’ என்ற சாதாரணச் சொல் ‘அல்லா’ என்று காதில் விழுகிறது. நேசத்தைச் சொல்கிறாரா, மிரட்டுகிறாரா என்று கேட்பவர் திடுக்கிடுகிறார். விமான நிலைய வரிசையில் பெயரைக் கேட்டதுமே சந்தேகத்தோடு பார்க்கப்படும் ஒருவரின் நிலையை ஒரே ஒரு மெய்யெழுத்தை விழுங்கிக் காட்டிவிட்டார். இங்கே இசையும் ஒதுங்கி இடம் விடுகிறது. தொகுப்பு முழுக்க இந்த நுட்பம் இருந்திருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கிறது.

பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது ‘மாயா’வை முழுதாகக் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ‘லவ்அலாட்’ மட்டும் கேட்கிறேன். அது முடிந்ததும் ‘பேர்ட் ஃப்ளூ’வுக்குத் திரும்பிவிடுகிறேன்.