செலின் டியோனின் பிரெஞ்சுப் பாடல்கள்

ஒரு பாடகியின் ஆற்றலைக் குரலின் உச்சத்தால் மட்டும் அளப்போர் அவர் பாடும் மொழியை மறந்துவிடுகின்றனர். செலின் டியோன் அவ்வாறு அளக்கப்பட்டவர். 1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' திரைப்படப் பாடலால் அவரை அறிந்தோர் பலர். 1981 முதலே அவர் பிரெஞ்சு இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தமையை அறிந்தோர் சிலரே.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே மொழி என்பது அரசியலுமாகும். 1990இல் முதலாவது ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்ட டியோன், ஆங்கிலமொழிக் கலைஞருக்கான பெலிக்ஸ் விருது தமக்கு அளிக்கப்பட்டபோது அதனை ஏற்க மறுத்தமை இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது.

1995இல் ஜோன் ஜாக் கோல்ட்மான் அவருக்காக ஆக்கிய தொகுப்பு இவ்வகையில் முக்கியமானது. அதில் இடம்பெற்ற 'ஜ சே பா' ('எனக்குத் தெரியாது') என்னும் பாடலின் தலைப்பிலேயே, எழுத்து வழக்கிற்குரிய 'ந' என்னும் எதிர்மறைச் சொல் விடுபட்டுள்ளது. அது பேச்சு வழக்கு. பாடலின் தொடக்க அடிகளும் பேச்சை ஒட்டித் தாழ்ந்த தொனியிலேயே செல்கின்றன. ஆகவே பின்னர் குரல் உயருமிடத்து அவ்வுயர்ச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுத் தொகுப்பில் இப்பாடல் ஆங்கிலமாயிற்று. பொருளும் மெட்டும் எஞ்சின. வழக்கு வேறுபாடு மறைந்தது.

இச்சிறப்பு முழுவதையும் பிரெஞ்சு மொழிக்கே உரியதாக்குதல் பொருந்தாது. அவருடைய தொடக்ககாலப் பிரெஞ்சுப் பாடல்களிலும் மிகையுணர்ச்சி உண்டு. மொழியின் பேச்சோசையை அறிந்த பாடலாசிரியரும், அதற்குத் தம் குரலை அடக்கத் துணிந்த பாடகியும் இணைந்தபோதே அக்கலை முதிர்ந்தது எனலாம்.