உலவை விட்டேன், அணசை மாற்றினேன்

ஆர்1 வாங்கியவன் அதன் எக்சோஸை எத்தனை மாதம் விட்டுவைப்பான் என்று எங்கள் ஜெலுத்தோங் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார். நான் எட்டு மாதம் தாங்கினேன்.

வண்டி 2015-இல் வந்த யமஹா ஆர்1, ஒருவர் ஓட்டியதை வாங்கியது. 998 சிசி, 200 குதிரைத்திறன், பெட்ரோலோடு 199 கிலோ. பினாங்குத் தீவில் இதற்கு மேல் வேகம் கேட்பவனுக்கு முதலில் ரோடு வேண்டும். எனக்கு வேகம் போதும், சத்தம்தான் போதவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

அந்தச் சத்தத்தின் கணக்கு

வழக்கமான நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 பாகை சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு: தக தக தக தக. ஆர்1-இன் கிராஸ்பிளேன் கிராங்கில் இடைவெளிகள் 270, 180, 90, 180. தொண்ணூறு பாகையை ஓர் அட்சரமாக வைத்தால் மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு: தகிட தக த தக. கூட்டினால் இரண்டிலும் எட்டுதான், பிரிப்புதான் வேறு. 2004-இல் வாலண்டினோ ரோஸியின் எம்1 பந்தய வண்டியில் வந்த இந்த அமைப்பை 2009-இல் யமஹா சாலை வண்டிக்கும் கொடுத்தது. கம்பெனிக் குழலில் இந்த நடை பாதி அமுங்கிக் கிடக்கும். தவிலைப் போர்வைக்குள் வைத்து வாசித்த மாதிரி.

முழு செட்டா, ஸ்லிப்-ஆனா?

கடையில் இரண்டு வழி காட்டுவார்கள். முழு செட் என்றால் எஞ்சினிலிருந்து புறப்படும் நான்கு குழல்கள் முதல் கடைசி வாய் வரை எல்லாம் புதிது. ஸ்லிப்-ஆன் என்றால் கடைசியில் இருக்கும் சைலன்சர் மட்டும்.

நாகஸ்வரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உடல் உலவு, கீழே விரிந்த வாய் அணசு. உலவு குட்டையானால் திமிரி, உயர்ந்த சுருதி. நீண்டால் பாரி, கனத்த குரல். எக்சோஸிலும் நீளம் பேசும். வெடித்த புகை குழலில் பாயும்போது ஓர் அழுத்த அலை முன்னால் ஓடுகிறது. குழல் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் விடும். குட்டைக் குழலில் அலை சீக்கிரம் திரும்புவதால் உச்ச சுற்றில் பலன், நீண்ட குழலில் தாழ்ந்த சுற்றில் பலன். சுற்றுக்கு ஏற்ப வாயைக் குறுக்கியும் திறந்தும் இந்தக் குறையைச் சமாளிக்கவே 1980-களில் யமஹா எக்ஸப் வால்வைக் கொண்டுவந்தது. ஆர்1-இலும் அது இருக்கிறது.

ஆகவே ஸ்லிப்-ஆன் போட்டால் மாறுவது அணசு மட்டும். உலவு அப்படியே, எக்ஸப் அப்படியே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அப்படியே. "பத்து குதிரை கூடும் பாஸ்" என்று யாராவது சொன்னால், எங்கிருந்து என்று கேளுங்கள். பலம் வேண்டுமென்றால் முழு செட் போட்டு, அதற்கேற்ப எஞ்சின் கணினியான ஈசியூவில் எரிபொருள் கணக்கையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும்.

நான் எடுத்தது அக்ரபோவிச் ஸ்லிப்-ஆன். முன்னாள் பந்தய வீரர் இகோர் அக்ரபோவிச் 1990-இல் ஸ்லோவேனியாவில் ஆரம்பித்த தொழில் இது. தொடக்கத்தில் ஸ்கார்பியன் என்றுதான் பெயர். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம். பழைய குழலையும் புதியதையும் கைக்கொன்றாகத் தூக்கினாலே போதும், தராசு வேண்டாம். விலை வெள்ளியில் ஆயிரங்களைத் தொடும். அதே பெயர் பொறித்த போலிகள் நூறுகளில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்ததுமே சந்தேகப்படுங்கள்.

பட்டறையில் ஒரு மதியம்

வேலை கஷ்டமானதல்ல, பொறுமை கேட்கும். வலப்பக்கக் கீழ்த் தட்டைக் கழற்றி, கிளாம்பைத் தளர்த்தி, பழையதை உருவினோம். புதியதைச் செருகி, எல்லா நட்டையும் முதலில் விரலால் மட்டும் பூட்டினோம். குழல் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கினால் மறுபக்கம் இழுபட்டு நிற்கும், அதிர்வில் பிராக்கெட் விரிசல் விடும்.

"தம்பி, கேஸ்கெட் புதுசு வாங்கினியா?" என்றார் பட்டறைக்காரர்.

"வாங்கிட்டேன் அண்ணே."

அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். முந்தைய வண்டிக்கு வேறொரு பட்டறையில் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு அனுப்பினார்கள். ஆக்சிலரேட்டரை விட்டால் பட்டாசு வெடித்தது. இணைப்பில் காற்று புகுந்து எரியாத பெட்ரோலைக் குழலுக்குள் பற்றவைத்திருக்கிறது. வண்டி முழங்குகிறது என்று ஒரு மாதம் நான் அதற்குப் பெருமை வேறு பட்டேன்.

கடைசியாக அண்ணன் ஒரு துணியில் ஆல்கஹால் நனைத்துக் குழலைத் துடைத்தார். விரல் ரேகையோடு சூடேறினால் அந்த ரேகை டைட்டானியத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு குளிரவிட்டு எல்லா நட்டையும் மறுபடி சரிபார்த்தோம்.

ஓட்டிப் பார்த்ததில்

முதலில் நகரம். லெபோ பினாங்கு, லெபோ பாசார் பக்கம் கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஐந்தடி நடைபாதைக் கூரைகளுக்கு அடியில் சத்தம் போகிற இடம் தெரியாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். இரண்டாவது கியரில் மெதுவாகப் போனபோதே பூக்கடைக்காரர் தலை தூக்கிப் பார்த்தார். கம்பெனிக் குழலுக்கு அவர் பார்த்ததில்லை. சிக்னலில் தொடையைச் சுடும் வெப்பத்தில் எந்த மாற்றமும் இல்லை. கன்வர்ட்டர் இருந்த இடத்தில்தானே இருக்கிறது.

அடுத்து இரண்டாவது பாலம், பத்து மாவ்ங்கிலிருந்து பத்து கவான் வரை 24 கிலோமீட்டர். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. வேக வரம்பு 80. ஆர்1-இன் முதல் கியரே அதை எளிதாகத் தாண்டும். ஆறாவது கியரில் 80-இல் போனால் எஞ்சின் அரைத் தூக்கத்தில் முனகுகிறது, கடல் காற்று அதையும் விழுங்கிவிடுகிறது. இங்கே கொடுத்த காசு கேட்கவே இல்லை.

கேட்டது துன் சார்டோன் சாலையில். பாலிக் பூலாவுக்கு ஏறும் வளைவுகளில் கியர் இறக்கி மீண்டும் திறக்கும்போது தகிட தக த தக என்று அந்த எட்டும் பிரிந்து பிரிந்து விழுந்தன. சுற்று எவ்வளவு என்று மீட்டரைப் பார்க்காமலே காதால் தெரிந்தது. பின்சக்கரம் பிடியை எப்போது எடுக்கிறது என்பதும் இன்னும் தெளிவு. எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். வேகம் கூடியதாக எங்கும் உணரவில்லை.

சட்டமும் பக்கத்து வீடும்

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டு வந்த வாகன இரைச்சல் விதிமுறைகளும் மாற்றிய எக்சோஸைச் சும்மா விடுவதில்லை. ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா, போலீஸ், சுற்றுச்சூழல் இலாகா மூன்றும் சேர்ந்து ரோட் பிளாக் போட்டு டெசிபல் மீட்டரோடு நிற்பதும் உண்டு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. சத்தத்தை அடக்கக் குழல் வாயில் செருகிய டிபி கில்லரை ஒரே ஒரு முறை கழற்றிப் பார்த்தேன். தெரு முனையைத் தொடுவதற்குள் திரும்பி வந்து மாட்டிவிட்டேன்.

பெரிய தொல்லை காலை ஆறரைக்கு. குளிர்ந்த எஞ்சின் முதல் ஒரு நிமிடம் தானாகவே சுற்றை ஏற்றி வைத்துக்கொள்ளும், அதை நாம் அடக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுப்பார். மூன்றாம் நாள் வாசலில் நின்று, "தம்பி, புது மோட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு

சிப்பாங்கின் 5.543 கிலோமீட்டர் தடத்துக்கு மாதம் ஒருமுறை போகிறவர் முழு செட் போடட்டும். அங்கே உச்ச சுற்றுக்கு வேலை உண்டு. தீவுக்குள்ளேயே ஓட்டுபவருக்கு ஸ்லிப்-ஆன் போதும், டிபி கில்லரோடு. கைக்குத் தெரிகிற அளவு எடை குறையும், மலைச்சாலையில் காது நிறையும். பலத்துக்காக வாங்குவதானால் அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள். கம்பெனிக் குழலைத் தூக்கிப் போட வேண்டாம், விற்கும்போது கேட்பார்கள்.

இப்போதெல்லாம் காலையில் வண்டியைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன். ஸ்லிப்-ஆன் குறைத்த எடை எவ்வளவு என்பது அங்கே போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறது.