சாம்பல் சிமெண்டும் பத்து நாள் தண்ணீரும்

வீடு கட்ட இன்று இறங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பிபிசி, அதாவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட். ஐஎஸ் 1489 தரவிதி 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பலை அனுமதிக்கிறது. இதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் உண்டு. அது நியாயமில்லை.

சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வலுத் தரும் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. வலுவுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அதைப் பிடித்து மேலும் பசையாக்குகிறது, நுண்துளைகள் அடைபடுகின்றன. கடலோரக் கட்டடங்களில் உப்பு கம்பியை எட்டத் தாமதமாவது இதனால்தான். சிமெண்டின் அடிப்படையான கிளிங்கர் ஒரு டன் செய்ய, சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டுமே சுமார் அரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது. சாம்பல் சேர்ந்து கிளிங்கர் குறையக் குறைய அதுவும் குறையும்.

சிக்கல், சாம்பலின் இந்த வினை மெதுவாக நடப்பதில் இருக்கிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றச் சொல்லும் ஐஎஸ் 456, கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் கேட்கிறது. 14 நாள் என்றால் நல்லது என்கிறது. லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுகிற இடத்தில், தூணில் சுற்றிய சாக்கு நாலாம் நாளே காய்ந்து கிடக்கும். அப்போது துளைகள் அடைபடுவதில்லை. கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மைக்கு இருப்பாக உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடையும் சாம்பல் செலவழித்துக்கொண்டிருப்பதால், காற்றிலுள்ள கரியமில வாயு எளிதில் உள்ளே இறங்குகிறது. ஆலைக்குக் கிளிங்கர் மிச்சம். கூடுதல் தண்ணீரும் சென்டரிங் பிரிக்கக் காத்திருக்கும் வாடகையும் வீட்டுக்காரர் தலையில். விற்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பதே என் பெரிய குறை.

எல்லாச் சாம்பலும் இதற்கு ஆகாது. புகைபோக்கிக்கு முன் வடிகட்டியில் பிடிபடும் நுண்ணிய உலர்சாம்பல்தான் வேண்டும். சென்னையை அடுத்த எண்ணூர் கழிமுகத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை அப்படியே அள்ளி அரைத்துவிட முடியாது. நிலக்கரி நின்றால் உலர்சாம்பலும் நிற்கும். பிரிட்டன் 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது.

அதனால்தான் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த எல்சி3 கவனம் பெறுகிறது. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும்; களிமண்ணுக்கு 800 போதும். கிளிங்கரைப் பாதியாகவே குறைத்துவிடலாம். 2023இல் இதற்கு ஐஎஸ் 18189 வந்தது. ஆனால் இந்தக் களிமண் தண்ணீரை அதிகம் இழுக்கும். இளக்கத்துக்கு ரசாயனக் கலவை சேர்த்தாக வேண்டும். அதை விட்டுவிட்டு, கலவை கெட்டியாக இருக்கிறதென்று மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் கான்கிரீட்டின் வலு அங்கேயே போய்விடும்.