தேறலும் தெளிவும்

சங்கப் பாடல்களைப் பாடமாக நடத்தும்போது நம் ஆசிரியர் பலர் ஓரிடத்தில் தயங்கி நிற்பர். கள், தேறல், நறவு, பிழி, தோப்பி, மட்டு என்னும் சொற்கள் வருகின்ற இடம் அது. "இனிய பானம்" என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்கு விரைந்துவிடுவர். சிலர் தேன் என்பர். பழச்சாறு என்பாரும் உளர். இத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் கள்ளுக்கடை நம் குடும்பங்களை எவ்வாறு அரித்தது என்பதை அறியாதார் யார்? 1947ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்துப் போராடியதும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே. ஆயினும், அந்த வடுவை மறைப்பதற்காகப் பாட்டின் பொருளைத் திரித்துவிட்டால், கவிஞன் எதை எண்ணிப் பாடினான் என்பதை மாணாக்கர் ஒருநாளும் அறியமாட்டார்.

குடியைப் பாடிய புலவர் அதன் ஆக்க முறையையும் நுணுகி அறிந்திருந்தனர். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்தைக் கூறுமிடம் இதற்குத் தக்க சான்று. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றின் உள்ளே காணப்படும் குரும்பியைப் போன்ற முளையடையைப் பிசைந்து கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு படைக்கின்றனர். இவ்வரிசையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அரிசியின் மாவுப்பொருள் தானாகப் புளித்து மதுவாவதில்லை. அதைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் முளைவிட்ட தானியத்தில் உண்டு. கொதிக்கும் களியில் முளையை இட்டால் அவ்வாற்றல் கெடும். ஆதலின், ஆற்றுதல் முன்னும் கலத்தல் பின்னுமாக அமைகின்றன. வாற்கோதுமையை முளைக்கச் செய்து பியர் வடிப்போரும் இவ்வாற்றலையே பயன்கொள்கின்றனர். சரவாக்கின் இபான் மக்கள் காவாய் விழாவில் விருந்தினர்க்கு அளிக்கும் துவாக் என்னும் அரிசி மதுவில் முளைக்குப் பதிலாக ராகி எனப்படும் புளிப்பு வில்லை இப்பணியைச் செய்கிறது. இத்தனை செய்திகளையும் எட்டு அடிக்குள் அடக்கிய புலவரை வெறும் வருணனைக்காரர் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

எல்லாக் குடியும் ஒரு தரத்தன அல்ல என்பதும் அக்காலத்தார் அறிந்ததே. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைந்த தேன் தேறலைச் சிறப்பிக்கிறது. முற்கூறிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் இரவில் மட்டை விலக்கி மதுவை விரும்பினர் என்கிறார்; வலைஞர் சேரியின் பிழியும் நகரத்தாரின் தேர்வும் ஒரே புலவரின் நாவில் இடம்பெற்றன. ஒளவையாரோ பொகுட்டெழினி அளித்த நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறார். குளிர்ந்ததா கடுத்ததா, புதியதா முதிர்ந்ததா என்று சுவைத்துப் பேசிய அவைகள் அவை.

இப்பின்னணியில் புறநானூற்றின் இரண்டு பாடல்களை அருகருகே வைத்து நோக்கலாம். ஐம்பத்தாறாம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, நாளும் மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இருகைப்பிடி கொண்ட உரோமானியச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன; புலவர் கூற்று கற்பனை அன்று என்பதற்கு இது வலுவூட்டும். ஆனால் பாட்டாக நோக்கின், அத்தேறலின் குளிர்ச்சியும் மணமும் தவிர நாம் அறிவது அது வந்த கலத்தின் சிறப்பையும் அதை ஏந்திய கலத்தின் சிறப்பையுமே. உடனிருந்து பருகியவர் ஒருவரும் இல்லை. அயல்நாட்டுப் பொருளின் பெருமை அரசனின் பெருமைக்கு அணியாயிற்று, அவ்வளவே.

அதியமான் மறைவுக்கு ஒளவையார் பாடிய இருநூற்று முப்பத்தைந்தாம் பாடலில் கலத்தைப் பற்றியும் பேச்சில்லை, கள்ளின் வகையைப் பற்றியும் பேச்சில்லை. சிறிது கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்பதே செய்தி. அடுத்து வரும் சோற்றுச் செய்தியோடு இதை ஒட்டிப் பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களில் பகிர்ந்தே உண்டான். அங்கே அளவால் வேறுபாடு இல்லை. பசி எல்லார்க்கும் பொது. கள்ளுக்கு மட்டுமே அளவு வேறுபாடு கூறப்படுகிறது. சிறிதாயிருந்தபோது அவன் தன் பங்கை விட்டான், பெரிதாயிருந்தபோது உடனமர்ந்தான். விட்டுக்கொடுத்தலும் உடனிருத்தலும் நட்பின் இரு முகங்கள். கள்ளைப் பழச்சாறாக்கிவிட்டால் இந்த நயம் அழிந்துபோகும். ஆத்திசூடி பாடிய ஒளவையார் காலத்தாற் பிற்பட்ட வேறொருவர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வகுப்பில் எழும் பாதி வியப்பு அடங்கும். என் மதிப்பீட்டில் நக்கீரர் பாடலினும் இதுவே உயர்ந்தது.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தாரே என்று வினவலாம். வகுத்தார், அதையும் நடத்தத்தான் வேண்டும். ஆனால் குடியின் கேட்டைக் காண வள்ளுவர் காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகநானூற்று 348ஆம் பாடலைப் பாருங்கள். மாங்கனியையும் பலாச்சுளையையும் தேனோடு கலந்து மூங்கிலில் முதிரவைத்த தோப்பி, பாம்பின் கடுப்பை ஒத்தது. குறவர் அதை மலைத் தெய்வத்துக்குப் படைத்து, மகளிர் ஊட்டத் தாமும் மாந்தித் தினைப்புனக் காவலை மறந்தனர். யானை புகுந்து தினையைக் கவர்ந்தது. இளையரும் முதியரும் வில்லை ஆராய்ந்தெடுத்துக்கொண்டு திரிகின்றனர், தினையோ போயிற்று. அந்நாட்டுத் தலைவனின் நிலையில்லாச் சொல்லை நம்பிய தன் நெஞ்சை நோக்கி, இனி என்னாவது என்று தலைவி வருந்துகிறாள். மதுவின் இனிமையில் புனம் இழந்தவரும் சொல்லின் இனிமையில் நெஞ்சிழந்தவளும் ஒருசேர நம் கண்முன் நிற்கின்றனர்.

தேறல் என்பதற்குத் தெளிந்த கள் என்றும் பொருள். நம்புதல் என்றும் பொருள். தெரிந்துதெளிதலில் வள்ளுவர் ஆள்வது பின்னைய பொருளை. இவ்வகப்பாட்டின் புலவர் குடியை அரியல் என்றும் தோப்பி என்றுமே குறிக்கிறார். 'தேறிய' என்னும் சொல்லைக் கடைசி அடியில், ஏமாந்த நெஞ்சுக்கு வழங்குகிறார்.