மேசையில் வைக்கப்படும் விதிகள்

துணைவேந்தராக யார் வரலாம், உதவிப் பேராசிரியர் பணிக்கு என்ன தகுதி வேண்டும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இந்தியாவில் வளாகம் திறக்கலாமா ஆகிய கேள்விகளுக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் விடை கிடைக்காது. பல்கலைக்கழக மானியக் குழு அரசிதழில் வெளியிடும் ஒழுங்குமுறைகளில்தான் அது இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் 26ஆம் பிரிவில் இந்த அதிகாரத்தைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, 28ஆம் பிரிவில் ஒரு கடிவாளத்தையும் போட்டது. ஒவ்வோர் ஒழுங்குமுறையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், கூட்டம் நடக்கும் காலத்தில் மொத்தம் 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். யாரும் எதுவும் செய்யாவிட்டால் அது அப்படியே நிலைக்கும். நடைமுறைக்கு வருவதற்கு அவையின் ஒப்புதல் தேவையில்லை. அரசிதழில் வெளியானாலே போதும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நியாயமான காரணம் உண்டு. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை பல்கலைக்கழகத்தை உருவாக்குவதையும் ஒழுங்குபடுத்துவதையும் மாநிலப் பட்டியலில் 32ஆம் இனமாக வைத்தது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயிப்பதையும் ஒருங்கிணைப்பதையும் ஒன்றியப் பட்டியலில் 66ஆம் இனமாக வைத்தது. தரம் என்பது கல்வியாளர்கள் முடிவு செய்ய வேண்டியது, அமைச்சரின் விருப்பத்துக்கோ அவையின் வாக்கெடுப்புக்கோ விடக்கூடியதல்ல என்ற எண்ணம், 1948–49இல் இயங்கிய ராதாகிருஷ்ணன் குழுவின் காலத்திலேயே வலுவாக இருந்தது. ஆசிரியர் தகுதியை ஒவ்வொரு முறையும் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றுவதானால் எந்தத் திருத்தமும் உரிய நேரத்தில் நடக்காது. ஆசிரியர்களின் பணி உயர்வுக்கு 2010இல் புகுத்தப்பட்ட ‘ஏபிஐ’ மதிப்பெண் முறையே இதற்குச் சான்று. கட்டுரை எண்ணிக்கையையும் கருத்தரங்கச் சான்றிதழையும் துரத்தும் போக்கை அது வளர்த்ததாக ஆசிரியர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். 2013இலும் 2016இலும் திருத்தங்கள் வந்தன. 2018இல் புதிய ஒழுங்குமுறையே வந்துவிட்டது. சட்டத்தைத் திருத்தித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றிருந்தால் இவ்வளவு விரைவை எதிர்பார்த்திருக்க முடியாது. இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, போலிப் பட்டம் வழங்குவோருக்கு 1956இல் விதித்த உச்சபட்ச அபராதம் 1,000 ரூபாய். சட்டத்தில் எழுதப்பட்டதால் அந்தத் தொகை பல பத்தாண்டுகளாக நகரவில்லை.

ஆனால் கடிவாளம் இருக்கிறது என்பது வேறு, அதை யாராவது பிடித்திருக்கிறார்கள் என்பது வேறு. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து நண்பகல் 12 மணிக்கு ‘மேசையில் வைக்கப்படும் தாள்கள்’ என்ற பகுதி வரும். ஒவ்வோர் அமைச்சராக எழுந்து, நிகழ்ச்சி நிரலில் தம் பெயருக்கு எதிரே உள்ள தாள்களை வைப்பதாகச் சொல்லிவிட்டு அமர்வார்கள். ஆண்டறிக்கைகள், தணிக்கை அறிக்கைகள், பல துறைகளின் அறிவிக்கைகள் ஆகியவற்றோடு ஒரு கல்வி ஒழுங்குமுறையும் அங்கே போய்ச் சேரும். அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு, ஆனால் அப்படி ஒன்று விவாதத்துக்கு எடுக்கப்படுவது அரிது. இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டங்களுக்கான குழுக்கள் இருக்கின்றன. ஒழுங்குமுறை தாய்ச்சட்டத்தின் வரம்புக்குள் இருக்கிறதா என்பதே அவற்றின் முதன்மை அக்கறை. கொள்கை சரியா என்ற கேள்வி அங்கே பெரும்பாலும் எழுவதில்லை.

இந்த மௌனத்துக்கு நீதிமன்றம் கொடுத்திருக்கும் எடைதான் சிக்கலின் மையம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் 2015இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளை மாநில அரசு ஏற்காதவரை அவை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றது. 2022 மார்ச்சில், குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில் காற்று திசை மாறியது. ஒழுங்குமுறைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன, ஆகவே அவை சட்டத்தின் பகுதியாகின்றன, மாநிலச் சட்டத்தோடு முரண்பட்டால் 254ஆம் உறுப்பின்படி அவையே மேலோங்கும் என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனமும் ரத்தானது. மூன்று முதல் ஐந்து பெயர்களைத் தர வேண்டிய தேடுதல் குழு ஒரே ஒரு பெயரைத் தந்திருந்தது. அடுத்த சில நாட்களில், அந்த மாநிலத்தின் 9 துணைவேந்தர்களைப் பதவி விலகச் சொன்னார் ஆளுநர்.

ஒற்றைப் பெயர்ப் பட்டியலை யாரும் பாராட்ட முடியாது. அந்த நியமனங்களில் குறை இருந்தது உண்மை. ஆனால் தீர்ப்புகளின் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாநிலச் சட்டமன்றம் பிரிவு பிரிவாக எடுத்து வாக்களித்து நிறைவேற்றிய ஒரு சட்டம், நாடாளுமன்றத்தில் யாரும் எதிர்த்துப் பேசாமல் கடந்துபோன ஒரு தாளின் முன்னால் செல்லாமல் போகிறது. மேசையில் வைப்பது மேற்பார்வைக்கான வாய்ப்பு என்றுதான் சட்டம் கருதியது. நாளடைவில் அதுவே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டுவிட்டது. 2025 ஜனவரி 6 அன்று வெளியான வரைவு ஒழுங்குமுறைகள், துணைவேந்தர் தேடுதல் குழுவின் தலைவரை வேந்தரே நியமிப்பார் என்றும், கல்விப்புலத்துக்கு வெளியே தொழில்துறையிலும் பொது நிர்வாகத்திலும் இருப்பவர்களும் துணைவேந்தராகலாம் என்றும் சொன்னபோது, தமிழ்நாடு சட்டமன்றம் மூன்றே நாளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தொடர்ந்து கேரளமும் போட்டது. சட்டமன்றம் தன் சட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள, சட்ட வலு இல்லாத தீர்மானத்தை நாட வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதை இதைவிடத் தெளிவானது. 2010 மே மாதம் மக்களவையில் அறிமுகமான மசோதா, 50 கோடி ரூபாய் மூலநிதி கேட்டது. இங்கே கிடைக்கும் உபரியை இங்குள்ள நிறுவனத்தின் வளர்ச்சிக்கே செலவிட வேண்டும் என்றது. கட்டணம், இடஒதுக்கீடு பற்றிய எதிர்ப்புகளுக்கு நடுவே அது நகரவே இல்லை. 15ஆவது மக்களவையோடு காலாவதியானது. 2023 நவம்பரில் அதே நோக்கம் மானியக் குழுவின் ஒழுங்குமுறையாக வந்து சேர்ந்தது. கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்யலாம். பணத்தை அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டு வெளியே கொண்டுபோகலாம். 2010இல் வாசலிலேயே மறிக்கப்பட்டது 2023இல் கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அவைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. சத்தீஸ்கர் 2002இல் இயற்றிய சட்டம், அரசிதழ் அறிவிக்கை மூலமே தனியார் பல்கலைக்கழகம் தொடங்க வழிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவை முளைத்த பிறகு 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில் நிறைவேறிய தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா, 100 ஏக்கர் நிலம் என்ற நிபந்தனையை இடத்துக்கேற்ப 25, 35, 50 ஏக்கர் எனக் குறைத்தது. இருக்கும் கல்லூரிகள் பல்கலைக்கழகமாக மாறவும் இடம் தந்தது. அறிமுகமான ஓரிரு நாளில் நிறைவேறியது. அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கதி என்ன என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்ட பிறகே, அதைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது. அவைக்குள் எழுந்திருக்க வேண்டிய கேள்வி தெருவில் எழுந்தது.

சார்நிலைச் சட்டமாக இருந்தாலே விவாதம் கூடாது என்ற விதி எங்கும் இல்லை. இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தியதும் ஒழுங்குமுறை வழியாகத்தான். ஆனால் அதற்கு இரு அவைகளின் முன் ஒப்புதல் தேவைப்பட்டது. 2010 டிசம்பர் 9 அன்று மக்களவையில் 323க்கு 302 என்ற வாக்கில் அது தப்பிப் பிழைத்தது. கட்டணம் உயர்ந்தது; ஆனால் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவில் இருக்கிறது.

மானியக் குழுச் சட்டத்தையும் தொழில்நுட்பக் கல்வி, ஆசிரியர் கல்விக் குழுக்களின் சட்டங்களையும் நீக்கிவிட்டு ஒரே ஆணையத்தை அமைக்கும் மசோதா 2025 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஆணையத்தில் யார் உறுப்பினர், நிதி யார் கையில் என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிர்வாக அமைப்பைத் தொடும் ஒழுங்குமுறைகளுக்கும், கட்டணம், தனியார் மற்றும் வெளிநாட்டு நிறுவனங்களின் அனுமதி ஆகியவை பற்றியவற்றுக்கும் அவைகளின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கி, பணிச்சுமை, பாட நேரம் போன்றவற்றை இன்றுள்ளபடியே மேசையில் வைக்க விடலாம். அதற்கு மசோதாவில் ஓர் உட்பிரிவு போதும்.